வெண்பனிக்குள் வெதுவெதுப்பு: வடகோடிக் காட்டுக் குடிலின் குளிர்காலக் கணக்கு

பனியை அணைத்துக் குளிரைத் தடுக்க முடியுமா?

அலாஸ்காவின் உட்பகுதியில், யூகான் ஆற்றையும் அதன் கிளையாறுகளையும் ஒட்டிய காடுகளில், சாலையும் மின்கம்பியும் எட்டாத தொலைவில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறு குடில்கள் உள்ளன. அவற்றில் குளிர்காலத்தைக் கழிப்பவர்கள், முதல் பெரும் பனிப்பொழிவு முடிந்ததும், முற்றத்தில் குவிந்த வெண்பனியை மண்வாரியால் அள்ளி, நான்கு சுவர்களின் அடியிலும் முழங்கால் உயரத்துக்கோ இடுப்பு உயரத்துக்கோ அணைத்து வைக்கிறார்கள். கூரைமேல் சேரும் பனியையும், அதன் எடை கூரைக்கு ஆபத்தாகாத வரையில், தள்ளாமல் விட்டுவைக்கிறார்கள். தொட்டால் விரலை மரக்கச் செய்யும் ஒரு பொருளை வீட்டைச் சுற்றி வலிந்து குவிப்பது வீட்டை மேலும் குளிரச் செய்யாதா என்ற ஐயம் எவருக்கும் எழக்கூடியதே. ஆனால் அந்தக் குவியலை வைத்த பிறகு தரை குறைவாகச் சில்லிடுகிறது, விறகும் குறைவாகச் செலவாகிறது என்பது அங்கே வாழ்பவர்களின் நீண்டகால அனுபவம்.

இந்தப் புதிரின் அளவை உணர அப்பகுதியின் குளிரை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டியின் உறைவிப்பான் அறையில் வெப்பநிலை ஏறத்தாழ −18 டிகிரி செல்சியஸ். அலாஸ்காவின் உட்பகுதியில் ஜனவரியில் −40 டிகிரிக்கு இறங்கும் நாட்கள் வியப்புக்குரியவை அல்ல. 1971 ஜனவரி 23 அன்று புராஸ்பெக்ட் கிரீக் என்ற இடத்தில் பதிவான −62 டிகிரி, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே இதுவரை பதிவானவற்றுள் மிகக் குறைந்த வெப்பநிலை. பாதரசம் −39 டிகிரியில் உறைந்துவிடுவதால், கடுங்குளிரை அளக்கப் பாதரச வெப்பமானி அங்கே பயன்படாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூகான் கரையில் கடை நடத்திய லெராய் மெக்வெஸ்டன் என்ற வணிகர், பாதரசம், விஸ்கி, மண்ணெண்ணெய், அக்காலத்து வலிநிவாரண மருந்து ஒன்று ஆகியவற்றைத் தனித்தனிக் குப்பிகளில் ஊற்றி வெளியே வைத்து, எது உறைந்தது என்பதைக் கொண்டு குளிரின் கடுமையை அறிந்ததாகச் சொல்லப்படுகிறது. அத்தகைய குளிருக்கும், +20 டிகிரியில் அமர்ந்து ரொட்டி சுடும் மனிதருக்கும் இடையே நிற்பது ஒரு சாண் பருமனுள்ள மரமும், அதன் இடுக்குகளில் திணித்த பாசியும், வெளியே அணைத்த பனியும் மட்டுமே. இவை எப்படிப் போதுமானவை ஆகின்றன என்பதே இந்த அத்தியாயம் ஆராயும் கேள்வி.

காப்பது பொருள் அன்று, காற்று

குளிர் என்பது வெளியிலிருந்து உள்ளே புகும் ஒரு பொருள் அன்று. உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறுவதைத்தான் மனிதர் குளிராக உணர்கின்றனர். வெப்பம் வெளியேற மூன்று வழிகள் உள்ளன. ஒரு பொருளின் துகள்கள் அடுத்தடுத்த துகள்களுக்கு ஆற்றலைக் கைமாற்றுவது வெப்பக் கடத்தல். காற்றோ நீரோ தானே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்வது வெப்பச் சலனம். இடையில் எந்தப் பொருளின் துணையுமின்றி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பம் பரவுவது வெப்பக் கதிர்வீச்சு. ஒரு குடில் இம்மூன்று வழிகளையும் முற்றாக அடைத்துவிட முடியாது; அதனால் செய்யக்கூடியது, வெளியேறும் வேகத்தை அடுப்பு ஈடுகொடுக்கும் அளவுக்குத் தாழ்த்துவது ஒன்றே.

ஒரு பொருள் எவ்வளவு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதைக் குறிக்கும் எண் வெப்பக் கடத்துதிறன் எனப்படும். அசையாத காற்றின் கடத்துதிறனை ஓர் அலகு என்று கொண்டால், ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் உலர்ந்த கட்டையினுடைய கடத்துதிறன் ஏறத்தாழ ஐந்து அலகு. புதிதாக விழுந்த மென்பனியினுடையது இரண்டிலிருந்து நான்கு அலகு. கெட்டியான பனிக்கட்டியினுடையதோ ஏறத்தாழ தொண்ணூறு அலகு. வானிலிருந்து விழும் வெண்பனியும் ஏரிமேல் உறையும் பனிக்கட்டியும் நீரின் ஒரே திடநிலைதான் என்றாலும் இவ்வளவு பெரிய வேறுபாடு ஏற்படக் காரணம், புதிய வெண்பனியின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு காற்றாக இருப்பதே. கிளைவிட்ட பனித்துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்போது அவற்றின் இடுக்குகளில் காற்று சிக்கிக்கொள்கிறது. அந்த இடுக்குகள் மிகச் சிறியவை என்பதால் காற்று சுழன்று வெப்பத்தைச் சுமந்து செல்ல இயலாமல் நின்றுபோகிறது.

மரம், பாசி, பறவையின் சிறகு, கரிபூ மானின் உள்ளீடற்ற மயிர் ஆகிய அனைத்தும் குளிரைத் தாங்க உதவுவது இதே முறையில்தான். மரத்தின் உலர்ந்த செல்களில் காற்றறைகள் உள்ளன; உலர்ந்த பாசியின் இலைகளுக்கு இடையிலும் காற்றே நிறைந்திருக்கிறது. ஆகவே வடகோடிக் குடிலின் குளிர்காலம் முழுவதையும் ஒரே வேலையாகச் சுருக்கிக் கூறலாம்: வேண்டிய இடங்களில் காற்றை அசையாமல் நிறுத்துவதும், அசைந்தே தீர வேண்டிய காற்றை அளவோடு அசையவிடுவதும்.

கட்டையும் பாசியும்

கிடைமட்டமாகக் கட்டைகளை அடுக்கி, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வுமாறு பள்ளம் வெட்டிக் கட்டும் முறையை வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்கள், 1638இல் டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய சுவீடியர்களும் பின்லாந்தியர்களும் ஆவர். அலாஸ்காவின் பூர்வகுடிகளான அத்தபாஸ்கர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, நிலத்தைப் பாதியளவு தோண்டி, மேலே மரமும் பாசியும் மண்ணும் மூடிய குளிர்கால வீடுகளை அமைத்து வாழ்ந்திருந்தனர். பின்னர் வந்த, பொறிவைத்து விலங்கு பிடித்தவர்களும் தங்கம் தேடியவர்களும் கட்டிய குடில்களில் இவ்விரண்டு மரபுகளின் கூறுகளையும் காணலாம்: சுவர் அடுக்கிய கட்டைகளால் ஆனது, கூரையோ பாசியும் மண்ணும் பரப்பியது.

இம்முறையில் எழுந்த குடில்களுள் புகழ்பெற்ற ஒன்று, ரிச்சர்ட் புரொனெக்கி என்பவர் 1968இல் தென்மேற்கு அலாஸ்காவின் இரட்டை ஏரிக்கரையில் கைக்கருவிகளை மட்டுமே கொண்டு கட்டியது. ஸ்புரூஸ் கட்டைகளை ஒன்றின் முதுகுக்கு மற்றொன்றின் அடிப்பக்கம் பொருந்துமாறு செதுக்கி, கழிகள் பரப்பிய கூரைமேல் தார்த்தாளும் பாலித்தீன் விரிப்பும் இட்டு, அவற்றின்மேல் பாசியை அடுக்கினார். சுமார் 30 ஆண்டுகள் பெரும்பாலும் தனியாகவே அவர் வாழ்ந்த அந்தக் குடில், இன்று லேக் கிளார்க் தேசியப் பூங்காவில் வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

வட்டமான இரு கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அமரும்போது அவை தொடும் இடம் ஒரு குறுகிய கோடு மட்டுமே என்பதால், சுவரின் பலவீனம் கட்டையில் இல்லை, கட்டைகளுக்கு இடைப்பட்ட கோட்டில்தான் இருக்கிறது. கட்டைகள் உலர உலரச் சுருங்குவதால் இடுக்குகள் ஆண்டுதோறும் விரிகின்றன. குடில்வாசிகள் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மர உளியும் சுத்தியும் கொண்டு உலர்ந்த பாசியை அந்த இடுக்குகளில் அடித்துத் திணிப்பது இதனால்தான். இந்தச் சிறு வேலை எவ்வளவு விறகை மிச்சப்படுத்துகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் தெளிவாகக் காணலாம்.

ஓர் அறையின் வெப்பக் கணக்கு

5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் உள்ள ஓரறைக் குடில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் சுவர்க் கட்டைகளின் சராசரிப் பருமன் 20 சென்டிமீட்டர். கூரையில் 20 சென்டிமீட்டர் அளவுக்குப் பாசியும் மண்ணும், அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் மென்பனியும் உள்ளன. ஒரு சதுர மீட்டர் பரப்பில் இரட்டைக் கண்ணாடிச் சன்னலும், 5 சென்டிமீட்டர் பருமனுள்ள பலகைக் கதவும் உண்டு. உள்ளே +20 டிகிரி, வெளியே −40 டிகிரி. ஆக வேறுபாடு 60 டிகிரி. வெப்பம் வெளியேறும் வேகத்தை வாட் என்ற அலகில் குறிக்கலாம். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மனித உடல் வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட் என்பதை நினைவில் கொண்டால் கீழ்க்காணும் எண்களின் அளவு புலப்படும்.

சுவர்களின் பரப்பு மொத்தம் 37 சதுர மீட்டர். 20 சென்டிமீட்டர் ஸ்புரூஸ் மரத்தின் வழியே 60 டிகிரி வேறுபாட்டில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 33 வாட் கசிவதால், சுவர்கள் மட்டும் 1,200 வாட்டுக்குச் சற்று மேல் இழக்கின்றன. கூரை, பனி இல்லாத நிலையில் 650 வாட் இழந்திருக்கும். 30 சென்டிமீட்டர் மென்பனி அதன்மேல் இருப்பதால் அந்த இழப்பு 260 வாட்டாகக் குறைகிறது. அதாவது, செலவின்றி வானிலிருந்து வந்த ஒரு போர்வை, நான்கு மனித உடல்கள் வெளியிடும் அளவு வெப்பத்தை உள்ளேயே தங்கவைக்கிறது. இரட்டைக் கண்ணாடிச் சன்னல் 170 வாட், கதவு 150 வாட், அடியில் பனி அணைத்த தரை ஏறத்தாழ 250 வாட். ஒரு சதுர மீட்டர் சன்னலின் இழப்பு, அதேயளவு சுவரின் இழப்பைப் போல் ஐந்து மடங்கு என்பதை நோக்கினால், இக்குடில்களில் சன்னல்கள் ஏன் சிறியவையாக இருக்கின்றன, இரவில் அவற்றின்மேல் கம்பளி ஏன் தொங்குகிறது என்பவை விளங்கும். சூரிய ஒளியால் இந்த இழப்பு ஈடாகும் என்று டிசம்பரில் எதிர்பார்க்க இயலாது. அலாஸ்காவின் உட்பகுதியிலுள்ள ஃபேர்பேங்ஸ் நகரில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் 3 மணி 42 நிமிடங்களே, நண்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு மேல் இரண்டு டிகிரி கோணம்கூட எழுவதில்லை.

எஞ்சியிருப்பது காற்றுக்கசிவு. அறையின் கன அளவு 44 கன மீட்டர். இடுக்குகள் நன்கு அடைக்கப்பட்டு, மணிக்கு ஒரு முறை மட்டும் அறைக்காற்று முழுவதும் வெளியேறி வெளிக்காற்று உள்ளே வந்தால், அந்தக் காற்றை −40 டிகிரியிலிருந்து +20 டிகிரிக்குச் சூடாக்க 880 வாட் வேண்டும். இவை அனைத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 2,900 வாட், அதாவது 3 கிலோவாட்டுக்குச் சற்றே குறைவு. நன்கு உலர்ந்த ஒரு கிலோகிராம் விறகில் 4 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு. எளிய இரும்பு அடுப்பில் அதில் பாதி புகைபோக்கி வழியே போய்விடும் என்று கொண்டால், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிலோகிராம் விறகு வேண்டும். குளிர்காலம் முழுவதும் −40 டிகிரியாகவே இருப்பதில்லை. 200 நாட்களுக்குச் சராசரி வேறுபாடு 40 டிகிரி என்று கொண்டால் மொத்தத் தேவை 5 டன்னை நெருங்கும். அடுக்கி வைத்தால் அது 18 கன மீட்டர், அதாவது அறையின் கன அளவில் ஐந்தில் இரண்டு பங்கு.

இப்போது அதே குடிலில் மூன்று குறைகளை மட்டும் புகுத்திப் பார்க்கலாம்: கூரைப்பனியைத் தள்ளிவிட்டாயிற்று, சன்னலில் ஒற்றைக் கண்ணாடி, பாசி உதிர்ந்துபோய் அறைக்காற்று மணிக்கு மூன்று முறை மாறுகிறது. முதற்குறையால் 400 வாட்டும், இரண்டாவதால் 160 வாட்டும் கூடுதலாக இழக்கப்பட, மூன்றாவதால் மட்டும் 1,760 வாட் கூடுதலாகப் போய்விடுகிறது. மொத்தம் 5,200 வாட். நாளுக்கு 63 கிலோகிராம் விறகு. கட்டையின் பருமனைக் கூட்டுவதைக் காட்டிலும் இடுக்கை அடைப்பதே பெரும்பயன் தருகிறது என்பது இதனால் விளங்கும். சுவரடியில் அணைக்கும் பனியும் இருவகையில் உதவுகிறது. அது தரைக்கு வெப்பக் காப்பாக அமைவதோடு, அடிக்கட்டைக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட, எளிதில் அடைக்க முடியாத இடுக்கையும் மூடிவிடுகிறது. கூரைப்பனியே குடிலின் நிலையைக் காட்டும் சான்றாகவும் பயன்படுகிறது: பனி தடிப்பாகவும் சீராகவும் நின்றால் கூரை வெப்பத்தை நன்கு பிடித்து வைத்திருக்கிறது, ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்தாலோ இறவாரத்தில் பனிக்கட்டி ஈட்டிகள் தொங்கினாலோ அவ்விடத்தில் வெப்பம் ஒழுகுகிறது.

அடுப்பே இழுக்கும் குளிர்

காற்றுக்கசிவை முற்றிலும் நிறுத்திவிட்டால் என்ன என்ற கேள்வி இங்கே எழலாம். அடுப்பு எரியக் காற்று வேண்டும் என்பதே அதற்குத் தடை. ஒரு கிலோகிராம் விறகு எரிய, நடைமுறையில் பத்துக் கன மீட்டர் அளவில் காற்று செலவாகிறது. மணிக்கு ஒன்றரைக் கிலோகிராம் எரியும் அடுப்பு, அறைக்காற்றில் மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொரு மணி நேரமும் புகைபோக்கி வழியே வெளியே அனுப்புகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று ஏதேனும் ஓர் இடுக்கின் வழியே உள்ளே வந்தாக வேண்டும். கதவில்லாத திறந்த கணப்பு இதைவிடப் பன்மடங்கு காற்றை இழுத்துக்கொள்வதால், கண்ணுக்கு இனிமையாக இருந்தாலும் கடுங்குளிரில் அது வீட்டைச் சூடாக்குவதற்குச் சமமாகக் குளிர்விக்கவும் செய்கிறது. பழைய எண்ணெய்ப் பீப்பாயைக் கிடத்தி, கதவும் காலும் புகைக்குழாயும் பொருத்திச் செய்த பீப்பாய் அடுப்பு இப்பகுதியில் பரவியதற்கு, மலிவு மட்டுமன்றி, கதவை மூடிக் காற்றை அளந்து விட முடிந்ததும் காரணம்.

குளிர் கூடக் கூடக் கசிவும் கூடுகிறது. சூடான காற்று இலேசானது என்பதால் மேலே எழுந்து கூரை இடுக்குகள் வழியே வெளியேற, அடியிலிருந்து குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளும் புறமும் வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு வலுவாக இந்த இழுப்பு அமைகிறது. இதனால்தான் −40 டிகிரி நாளில் தரையில் வைத்த வாளிநீரில் பனிக்கட்டி படர, தலைக்கு மேலே தொங்கும் துணி உலர்ந்து மொறுமொறுப்பாகும் விந்தை ஒரே அறைக்குள் நிகழ்கிறது. கதவைத் திறக்கும்போது உள்ளே புகும் குளிர்காற்றைத் தடுக்க, கதவுக்கு முன்னால் சூடாக்கப்படாத ஒரு சிறு முன்னறை அமைக்கப்படுகிறது. ஒரு கதவை மூடிய பின்பே மற்றதைத் திறப்பது அங்குள்ள வழக்கம்.

ஈர விறகின் உண்மையான கேடு

பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். அந்த நீரை ஆவியாக்கவே வெப்பமெல்லாம் வீணாகிறது என்பது பரவலான எண்ணம். கணக்கிட்டுப் பார்த்தால் அந்தச் செலவு, விறகின் மரப்பகுதியில் உள்ள ஆற்றலில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே அமைகிறது. பெரிய கேடு வேறிடத்தில் உள்ளது. நீர் ஆவியாகும் வரையில் தீயின் வெப்பநிலை உயர்வதில்லை. வெப்பம் போதாத தீயில் மரத்திலிருந்து வெளிப்படும் வாயுக்கள் முழுமையாக எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. மரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி இந்த வாயுக்களில்தான் இருப்பதால், புகை என்பது எரியாமல் தப்பிய விறகே ஆகும். அந்தப் புகை குளிர்ந்த புகைபோக்கியின் உட்புறத்தில் தார் போன்ற கசடாகப் படிகிறது. கிரியோசோட் எனப்படும் இக்கசடு தடித்தபின் ஒரு நாள் தீப்பற்றினால், புகைபோக்கி செந்தழலாகிக் கூரைக்கும் தீ பரவும். −40 டிகிரியில், அடுத்த வீடு பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிலையில், குளிரைவிட இத்தகைய தீயே குடில்வாசியின் பேரச்சம்.

இரவு முழுவதும் கனலட்டும் என்று காற்றுவழியை மிகவும் குறுக்கிவிட்டால், உலர்ந்த விறகும் இதே கசடை உண்டாக்குகிறது. அத்துடன், குறைந்த காற்றில் எரியும் தீ கார்பன் மோனாக்சைடு என்ற மணமற்ற நச்சுவாயுவையும் வெளியிடுகிறது. ஆகவே நின்ற நிலையிலேயே பட்டுப்போய் உலர்ந்த ஸ்புரூஸ் மரங்களைத் தேடி வெட்டுவதும், பிர்ச் மரமாயின் வெட்டி உடனே பிளந்து ஒரு கோடைக்காலமாவது காயவிடுவதும், நாளுக்கு ஒரு முறையேனும் அடுப்பைச் சுடர்விட்டு எரியச் செய்வதும் பழக்கமாகின.

பாலைநிலத்தைவிட வறண்ட அறை

குளிர்காற்றால் மிகக் குறைந்த நீராவியையே தாங்க முடியும். −40 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று, நிறைவுற்ற நிலையிலும், ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு அளவே நீராவியைக் கொண்டிருக்கும். +20 டிகிரியில் அதே காற்றால் 17 கிராம் தாங்க முடியும். எனவே வெளிக்காற்று உள்ளே வந்து சூடாகும்போது அதன் ஈரப்பதம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. முன்பு கண்ட குடிலில் இருவர் வாழ்வதாகக் கொண்டு, அவர்களின் மூச்சு, சமையல், உலரும் துணி ஆகியவற்றால் நாளுக்கு நான்கு லிட்டர் நீர் ஆவியாகிறது என்று கணக்கிட்டாலும், அறையின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். உதடு வெடிப்பதும், கம்பளியைத் தொட்டால் மின்பொறி பறப்பதும், கட்டைகள் இரவில் ஓசையுடன் பிளவுறுவதும், அடுப்பின்மேல் எப்போதும் ஒரு நீர்க்கெண்டி கொதித்துக்கொண்டிருப்பதும் இந்த வறட்சியின் விளைவுகள்.

நாள்தோறும் ஆவியாகும் அந்த நான்கு லிட்டர் நீரில் ஒரு பகுதி குளிர்ந்த இடங்களை நாடிச் சென்று உறைகிறது. இரும்பு, மரத்தைப் போல் பல நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், கதவின் கீல்களும் சுவரைத் துளைத்து நிற்கும் ஆணிகளின் தலைகளும் வெண்ணிற உறைபனிக் குமிழ்களாகக் காட்சி தருகின்றன. புரொனெக்கி தம் கதவுக்கு மரத்திலேயே கீல்கள் செதுக்கியதைக் கைத்திறனாகக் காண்பதே வழக்கம். வெப்பக் கணக்கின்படி பார்த்தாலும் அது பொருத்தமான தேர்வே. கூரை இடுக்கு வழியே மேலேறும் ஆவி பாசிக்குள் உறைந்து தங்கி, ஏப்ரலில் உருகிச் சொட்டுகிறது. ஈரமான பாசியில் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்வதால் அதன் காப்புத்திறனும் குறைகிறது; பாசிக்கு அடியில் ஆவி புகாத விரிப்பு இடுவதன் நோக்கம் இதுவே.

பனிக்கு அடியில் ஒரு வாழிடம்

குடில்வாசிகள் கையாளும் இதே முறையால், தீயின் துணையில்லாமலேயே குளிர்காலத்தைக் கடக்கும் உயிர்கள் குடிலைச் சுற்றியே உள்ளன. வோல் எனப்படும் குட்டை வால் எலி குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. அதன் சிற்றுடல் −40 டிகிரிக் காற்றில் நெடுநேரம் தாங்காது. ஆயினும் அரை மீட்டர் பனிக்கு அடியில், நிலத்தோடு ஒட்டிய பகுதியில், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே சில டிகிரிகள் அளவிலேயே நிற்கிறது. கோடையில் நிலம் சேமித்த வெப்பம் மெல்ல மேலேறிப் பனியால் தடுக்கப்படுவதே இதற்குக் காரணம். அடியில் உள்ள பனித்துகள்கள் ஒப்பளவில் சூடாக இருப்பதால், அவற்றிலிருந்து ஆவி கிளம்பி மேலடுக்கில் உறைய, நிலத்தருகே பெரிய, பிடிப்பற்ற படிகங்களும் அவற்றிடையே வெற்றிடங்களும் உருவாகின்றன. அந்த வெற்றிடங்களில் சுரங்கம் அமைத்து, பனி மூடிய தாவரங்களைத் தின்று, வோல் குளிர்காலம் முழுவதும் நடமாடுகிறது. டார்மிகன் பறவை மென்பனிக்குள் பாய்ந்து இரவைக் கழிக்கிறது. இழுவை நாய்கள் சுருண்டு படுத்துத் தம்மேல் பனி மூடுவதைப் பொறுத்துக்கொள்கின்றன.

எங்கே கட்டுவது?

இதுவரை கண்டவை அனைத்தும் வெளியே −40 டிகிரி என்பதை மாறாத ஒன்றாகக் கொண்டவை. ஆனால் ஒரே இரவில் ஒரே காட்டில் அந்த எண்ணே இடத்துக்கு இடம் மாறுகிறது. தெளிந்த வானமும் காற்றின்மையும் உள்ள நீண்ட இரவில், பனிமூடிய நிலம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்கு இழந்து, தன்னைத் தொட்டிருக்கும் காற்றையும் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. மேலே செல்லச் செல்லக் குளிர் கூடும் என்ற பொதுவிதிக்கு மாறாக, மேலே செல்லச் செல்ல வெப்பம் கூடும் இந்நிலை வெப்பத் தலைகீழ்மை எனப்படும். கனடாவின் யூகான் பகுதியில், கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் அமைந்த ஸ்நாக் விமானத்தளத்தில் 1947 பிப்ரவரி 3 அன்று −63 டிகிரி பதிவானது இத்தகைய தேக்கத்தால்தான். வெப்பமானியின் அளவுக்கோடுகள் முடிந்த இடத்துக்கும் கீழே திரவம் இறங்கிவிட்டதால், அது நின்ற இடத்தைக் கண்ணாடியில் கீறிக் குறிக்க வேண்டியதாயிற்று. சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த கிராமத்து நாய்களின் குரைப்பு அங்கே தெளிவாகக் கேட்டது. மேலிருக்கும் சூடான காற்றடுக்கு ஒலியைக் கீழ்நோக்கி வளைத்துவிடுவதால் இது நேர்கிறது.

பள்ளத்தாக்கிலிருந்து இருநூறு மீட்டர் உயரமுள்ள சரிவில், அதே இரவில், வெப்பநிலை 15 டிகிரி கூடுதலாக இருக்கக்கூடும். முன்பு கணக்கிட்ட குடிலை அங்கே வைத்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு 60 டிகிரியிலிருந்து 45 டிகிரியாகக் குறைகிறது. நாளுக்கு 35 கிலோகிராம் விறகு என்பது 26 கிலோகிராமாகிறது. எந்தச் சுவரையும் தடிப்பாக்காமல் கிடைக்கும் ஆதாயம் இது.

நிலமும் இதே தேர்வைப் பரிந்துரைக்கிறது. அலாஸ்காவின் உட்பகுதியில் பல இடங்களில், கோடையிலும் உருகாமல் ஆண்டுக்கணக்காக உறைந்தே கிடக்கும் மண் உள்ளது. இதை உறைநிலம் என்று குறிக்கலாம். அதன் வெப்பநிலை பெரும்பாலும் பூச்சியத்துக்குச் சற்றே கீழே இருப்பதால், மேலே ஒரு சூடான அறை சில ஆண்டுகள் நின்றாலே மண்ணுள் இருக்கும் பனிக்கட்டி உருகி, குடில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அமிழ்கிறது. அத்தகைய நிலத்தில் சுவரடியில் பனி அணைப்பது நன்மை தராது. குளிர்காலக் காற்று மண்ணை மீண்டும் உறையவைக்கும் வாய்ப்பை அந்தக் காப்பு தடுத்துவிடும். அங்கே வீட்டைத் தூண்கள்மேல் உயர்த்தி, அடியில் குளிர்காற்று தடையின்றிச் செல்ல விட வேண்டும். தரையின் வெதுவெதுப்பையும் நிலத்தின் உறுதியையும் ஒருசேரப் பெற இயலாது. தடித்த பாசியின்மேல் குட்டையாக நிற்கும் கருநிற ஸ்புரூஸ் மரங்கள் உறைநிலம் இருப்பதற்கு அடையாளம். தெற்கு நோக்கிய சரிவுகளில் ஓங்கி வளரும் பிர்ச், ஆஸ்பென், வெண்ணிற ஸ்புரூஸ் மரங்கள் அது பெரும்பாலும் இல்லை என்பதற்கு அடையாளம்.

அப்படியிருந்தும் பழைய குடில்களில் பல ஆற்றங்கரையில்தான் எழுந்தன. நீரும் மீனும் அங்கே கிடைத்தன. உறைந்த ஆறே குளிர்காலச் சாலையாகவும் அமைந்தது. சரிவில் குடியேறியவர் விறகில் மிச்சப்படுத்திய உழைப்பை, நீரைச் சுமந்து மேலேற்றுவதிலோ பனியை உருக்குவதிலோ செலவிட வேண்டியிருந்தது. பனியை உருக்கவும் விறகே வேண்டும். ஆகவே வடகோடியில் ஒரு குளிர்காலத்தின் கடுமை வெப்பமானி காட்டும் எண்ணால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. முதல் கட்டையை வெட்டுவதற்கு முன் நிலத்தையும் மரங்களையும் சரிவையும் நோக்கி எடுக்கும் முடிவு, அதன்பின் ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோகிராம் விறகைச் சுமக்க வேண்டும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு நிர்ணயித்துவிடுகிறது.